காமென் நிரப்பிய வாயு

ஜூன் 11, செவ்வாய்

காலையில் சூரியகாந்தி எண்ணெய், பிறகு டீசல், அதன்பின் தேன் என்று எழுதி ஒட்டிய சர்க்கரைப் பாகு. சுங்க ஆய்வகத்தில் இது வழக்கமான நாள் என்றுதான் நினைத்தேன். மதியம் ஓக்னியன் ஒரு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து என் மேசையில் வைத்தான். அவன் சாலைச் சோதனைக் குழுவில் இருக்கிறான். ருமேனியாவுக்குப் போகும் டான்யூப் பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேனை நிறுத்தியிருக்கிறார்கள். மேலே மெத்தைகள், அடியில் முழுக்க இதே போன்ற சிலிண்டர்கள்.

"டிரைவர் என்ன சொன்னான்?"

"பலூன் ஊதற கேஸாம். ருமேனியாவுல அவன் தங்கச்சிக்குக் கல்யாணமாம். இவ்ளோ பலூன் கட்டினா பொண்ணு மாப்பிள்ளையோட மண்டபமே பறந்து போயிரும்."

ஏ.சி.க்குள் ஓடும் வாயு என்று லேபிளில் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் சிலிண்டர். இந்த வகையை ஐரோப்பாவில் விற்கவே கூடாது. அதனால் பிடிபட்டதில் புதிர் இல்லை. சிகரெட் கடத்துவார்கள், சாராயம் கடத்துவார்கள், சரி. குளிர்ச்சியை யார் கடத்துவார்கள்? ஏன்?

ஜூன் 12

நேற்றைய கேள்விக்காக இன்று மதிய உணவு இடைவேளை முழுக்கப் படித்தேன். புரிந்ததை எழுதிவைக்கிறேன்.

ஏ.சி. தானாகக் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே ஒரு வாயு சுற்றிச் சுற்றி ஓடி, அறையின் சூட்டை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. அந்த வாயு கசிந்து வானத்துக்குப் போனால், கரியமில வாயுவைவிடப் பல நூறு மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே ஐரோப்பா முழுவதற்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள்; இவ்வளவுதான் சந்தைக்கு வரலாம் என்று. அந்தப் பங்கைப் படிப்படியாக வெட்டிக்கொண்டே வருகிறார்கள். இந்த வருடம் வந்த புதிய சட்டம் இன்னும் கறார்.

அது ஒரு பக்கம். மறுபக்கம் எங்கள் தெருவையே பார்க்கிறேன். நான் இங்கே குடிவந்தபோது எதிர்க் கட்டடத்தில் ஒன்றோ இரண்டோ ஏ.சி. பெட்டிகள் தொங்கின. இப்போது பெட்டி இல்லாத ஜன்னலைத் தேட வேண்டியிருக்கிறது. கோடைக்குக் கோடை விற்பனை ஏறுகிறது, வாயு குறைகிறது. அந்த இடைவெளியில்தான் மெத்தை வேன் ஓடுகிறது.

இதில் யார் தவறு செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறவனும் நியாயமாகத்தான் இருக்கிறான்.

ஜூன் 14

எங்கள் ஆய்வகத்து ஏ.சி. போன ஆகஸ்டில் நின்றது. டெண்டர் இன்னும் முடியவில்லையாம். சிரிப்பதா அழுவதா?

ஜூன் 16, ஞாயிறு

தங்கை பிலியானா வீட்டில் மதியச் சாப்பாடு. வெள்ளரிக்காய் போட்ட தயிர் சூப், பால்கனியில் சுட்ட கெபாப்சே என்ற கொத்துக்கறி. சுட்டது அவள் கணவன் காமென். ஏ.சி. மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவன் தொழில். ஒரு கையில் இடுக்கி, மறுகையில் பீர். வாய்க்கு ஓய்வே கிடையாது.

"அக்கா, அந்தக் கட்டடத்தப் பாருங்க. மூணாவது மாடி வரைக்கும் எல்லாம் என் கை பட்ட பெட்டி. மேயர் எலெக்‌ஷன்ல நின்னா இந்தத் தெரு ஓட்டு பூரா எனக்குத்தான்."

"ஒரு ஓட்டு குறையும். என் ஓட்டு இல்ல," என்றாள் பிலியானா. "எங்க பெட்ரூம் ஏ.சி. மே மாசத்துலேர்ந்து சொட்டுது."

மூவரும் சிரித்தோம். எனக்குத்தான் ஆர்வம் அடங்கவில்லையே. தொழில் எப்படிப் போகிறது, வாயு கிடைக்கிறதா என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"புது மெஷினுக்குப் பிரச்சன இல்லக்கா, அதுல வேற கேஸ். ஆனா ஊர்ல பாதி பழசு. எல்லாம் ஒழுகுது. நிரப்பணும்னா கடையில 'அடுத்த வாரம் வா'ங்கறான். இந்தச் சூட்டுல அடுத்த வாரம்னா யாரு காத்திருப்பா? தெரிஞ்சவர் ஒருத்தர் குடுக்கறார். அதே கேஸ்தான்."

"சிலிண்டர் திரும்ப நிரப்பற மாதிரியா, தூக்கிப் போடற மாதிரியா?"

அவன் கறியைத் திருப்பிப் போட்டான். "கேஸ் ஒண்ணுதானேக்கா" என்றான். பிலியானா என்னைப் பார்த்த பார்வையில், இது உன் ஆபீஸ் இல்லை என்று எழுதியிருந்தது. பேச்சை மாற்றினேன்.

ஜூன் 19, புதன்

மெத்தை வேன் சிலிண்டரின் முடிவு வந்துவிட்டது. லேபிளில் இருக்கும் வாயு உள்ளே பாதிகூட இல்லை. கருவி போட்ட வரைபடத்தில், இருக்கவே கூடாத இடத்தில் ஒரு மேடு. முதலில் கருவிதான் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். அதே மேடு. மெத்தில் குளோரைடு.

ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. புதிரின் விடை கையில் வந்த சந்தோஷம். மலிவான சரக்கைக் கலந்து, கடத்துகிறவனையே ஏமாற்றியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது. இந்தச் சரக்கு அலுமினியத்தைத் தொட்டால் சும்மா இருக்காது. மெல்ல மெல்ல வேறொரு பொருளாக மாறும். அந்தப் பொருளுக்குத் தீக்குச்சி வேண்டாம், காற்றுப் பட்டாலே எரியும். ஏ.சி.யின் கம்ப்ரசருக்குள் அலுமினியப் பாகங்கள் உண்டு. சில மாடல்களில் குழாயே அலுமினியம். மூடியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் பழுது பார்க்க ஒருவன் திறப்பான். குழாயருகில் முகத்தை வைத்துக்கொண்டுதான் திறப்பான்.

காமென் அப்படித்தான் திறப்பான்.

ஜூன் 20

விசாரணையில் இருக்கும் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது. தெரியும். சொல்லாமல் இருந்தால்? — அதுவும் தெரியும்.

மதியம் விடுப்புப் போட்டுவிட்டு அவனைத் தேடிப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணிமேல் நின்றான். இறங்கச் சொன்னேன். வேன் நிழலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

முகம் இறுகிவிட்டது. "நீங்க இப்ப யாரா வந்திருக்கீங்க? கஸ்டம்ஸா, அக்காவா?"

"கெமிஸ்ட்டா வந்திருக்கேன். உன் சிலிண்டர்லேர்ந்து கொஞ்சம் குடு, பாத்துச் சொல்றேன்."

"என் ஆளு அப்படிப்பட்டவர் இல்ல."

"அப்ப குடுக்கறதுல உனக்கென்ன?"

ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தான். பிறகு வேனின் பின்கதவைத் திறந்தான். அதே லேபிள். அதே மாதிரி சிலிண்டர். "சுத்தமா இருந்துச்சுன்னா ஒரு மாசம் எனக்கு நீங்கதான் பீர் வாங்கித் தரணும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். குரல் விளையாடவில்லை.

ஜூன் 21

ஆய்வகத் தலைவி ஸ்டோய்னேவாவிடம் சொல்லாமல் அந்த மாதிரியைக் கருவியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து எடுத்தாய் என்றார். தங்கை கணவனிடமிருந்து என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத நீ எனக்குச் சொல்லாம இருந்திருக்கலாம், நெவேனா. சொல்லிட்ட. இனிமே எனக்கும் தூக்கம் போச்சு. ஓட்டு, பாப்போம்."

அவர் என் பின்னாலேயே நின்றார். கோடு ஏறத் தொடங்கியதுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதே மேடு.

"தானா வந்து சொன்னா ஒரு மாதிரி. நாங்க போய்க் கூட்டிட்டு வந்தா வேற மாதிரி. திங்கக்கிழமை காலையில வரச் சொல்லு. அந்த வாயு எந்தெந்த வீட்டுல இருக்கோ, அதுவும் எனக்கு வேணும்" என்றார் ஸ்டோய்னேவா.

ஜூன் 22

காமெனிடம் சொன்னேன். "சரி" என்றான். அந்த ஒரு வார்த்தைதான்.

ஜூன் 24, திங்கள்

வந்தான். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். வாயு கொடுத்தவரின் பெயரைச் சொன்னான், கையெழுத்திட்டான். எந்தெந்த வீடு என்று கேட்டபோதுதான் விழித்தான். அவன் எதையும் எழுதி வைத்துக்கொள்கிறவன் இல்லை.

"தெருவுல நின்னாச் சொல்லிருவேன்" என்றான்.

ஆகவே தெருத்தெருவாக நடந்தோம். அவன், நான், ஓக்னியன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் தலையை நிமிர்த்தி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். "அது நான் நிரப்பினேன். அது இல்ல, அது வேற ஆளு மாட்டினது, கோணலா இருக்கு பாருங்க. அந்தப் பச்சைத் திரை, ஆமா. ஏப்ரல்ல." எனக்கு ஒன்றுபோலத் தெரிந்த பெட்டிகளில் அவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம்.

கதவைத் தட்டி அவனே பேசினான். அது அவன் கேட்டுக்கொண்டது. "நான்தான் நிரப்பினேன், கேஸ்ல கலப்படம், போடாதீங்க, யாரையும் திறக்கவும் விடாதீங்க, தீயணைப்புக்காரங்களோட வந்து எடுத்துட்டுப் போறோம்." சிலர் திட்டினார்கள். கேக் கடைக்காரர் கிரீம் உருகுவதைக் காட்டிக் கத்தினார். ஒரு வீட்டில் ட்ரஃபனா என்ற பெரியம்மா நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

"வெடிக்குமா?"

"மூடி இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க. திறந்தாத்தான்."

"அப்ப நான் திறக்கல. நீயும் திறக்காத. ஓடட்டும். போன வருஷம் இதே சூட்டுலதான் என் வீட்டுக்காரர் போய்ச் சேந்தாரு. இத அணைச்சுட்டு நான் என்ன பண்ண?"

காமென் வெளியே போய், தன் வீட்டுப் படுக்கையறை மின்விசிறியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். பெரியம்மா அதை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு ஏ.சி.யின் ரிமோட்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

ஜூன் 27

முதல் பெட்டியைத் தீயணைப்பு நிலையத்தின் திறந்த முற்றத்தில், தள்ளி நின்று, நீண்ட பிடி வைத்த வெட்டுக்கருவியால் வெட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் அப்படியே. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பெரிதுபடுத்திவிட்டேனோ?

அடுத்தது மருந்துக்கடைப் பெட்டி. குழாய் அறுந்ததும் வெள்ளையாகப் புகை வந்தது. யாரும் எதுவும் பற்ற வைக்கவில்லை. புகையின் நடுவில் ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப் பார்த்தது. பிறகு கம்ப்ரசர் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

காமென் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "போன வியாழக்கிழமை நான் ஏணியில நின்னது இதுக்குத்தான். இத திறக்கத்தான் போயிருந்தேன்" என்றான்.

வியாழக்கிழமை. நான் போய் இறங்கச் சொன்ன அதே வியாழக்கிழமை. நான் மதியம் போகாமல் மாலை போயிருந்தால் — வேண்டாம்.

ஜூன் 29

பிலியானா வந்தாள். உட்காரவில்லை.

"அவர் லைசென்ஸ புடுங்கிட்டாங்க. ஒரு வருஷம். உனக்கு நிம்மதியா?"

"அவன் உயிரோட இருக்கானே, பிலி."

"எனக்குத் தெரியும், எனக்கு யாரும் பாடம் நடத்த வேணாம். ஆனா மொதல்ல என்கிட்ட வந்திருக்கலாமில்ல? என் வீட்டு மேஜையில சாப்ட்டு, கேள்வியாக் கேட்டு, நேரா ஆபீஸுக்குப் போயிட்ட."

நேராகப் போகவில்லை, முதலில் அவனிடம்தான் போனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னதும் ஒருவகையில் சரிதானே? அன்று அந்த மேஜையில் நான் கேட்டது ஆர்வத்தில். அவளுக்கு அது விசாரணையாகக் கேட்டிருக்கிறது. கேட்கிறவளுக்குத் தெரிகிற வித்தியாசம், பதில் சொல்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 12

எல்லாப் பெட்டிகளும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. பூட்டிய வீடு, சொந்தக்காரர் ஜெர்மனியில். ஓக்னியன் தினமும் ஃபோன் போடுகிறான். காமெனுக்கு வாயு கொடுத்தவர் பிடிபட்டார். அவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதாம். நம்புகிறேன். தெரிந்துகொள்ளவேண்டும் என்று இந்த வரிசையில் யாருக்குமே தோன்றவில்லை.

ஜூலை 17

வெயில் நாற்பத்தொரு டிகிரி. பூட்டிய வீட்டைத் திறந்தாயிற்று. எடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 30

பிலியானாவின் பிறந்தநாள். வாழ்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று ஃபோன் காட்டுகிறது. பதில் இல்லை.

காமென் ஒரு பழைய கூட்டாளியிடம் உதவியாளாக வேலை செய்கிறானாம், குழாய் இழுக்க, சுவரில் துளை போட. ஓக்னியன் சொன்னான். ட்ரஃபனா பெரியம்மா வீட்டுப் புதுப் பெட்டியை மாட்டும்போது, "வேற யாரும் என் வீட்டுச் சுவரத் தொடக்கூடாது" என்று அடம்பிடித்து இவனைத்தான் வரவழைத்தாராம்.

அக்டோபர் 9

ஸ்டோய்னேவா எங்கள் அளவீடுகளை மற்ற நாட்டு ஆய்வகங்களுக்கும் அனுப்பினார். ஒரு ஊரிலிருந்து பதில் வந்திருக்கிறது: தங்களிடமிருந்த சிலிண்டர்களைச் சோதித்துப் பார்த்தார்களாம், அதே மேடு. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் பார்த்தார்கள். அது போதும் போலிருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. காமென். ஜூன் மாதத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"அக்கா, ஒரு சந்தேகம். புரொபேன் கனமா, காத்து கனமா?"

எதற்கு என்றேன். இனி வரப்போகிற மெஷின்களில் புரொபேன்தானாம், வானத்துக்குக் கெடுதல் குறைவு, ஆனால் தீப்பிடிக்கும். அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. சேர்ந்துவிட்டானாம்.

"புரொபேன்தான் கனம். ஒழுகினா கீழ இறங்கித் தரையில தேங்கும்."

"அப்ப ரூம் எவ்ளோ பெருசுன்னு பாத்துத்தான் எவ்ளோ கேஸ் போடலாம்னு வெச்சிருக்காங்களே, அது இதுக்குத்தானா? சின்ன ரூம்னா சீக்கிரம் ரொம்பிரும்?"

"ஆமா. நீயே சொல்லிட்டியே."

"ஏன்னு புரிஞ்சாத்தான் எனக்கு மண்டையில நிக்குது. முன்னாடி நான் ஏன்னு கேட்டதே இல்ல."

பின்னால் தாள் புரளும் சத்தம். பிறகு ஒரு குரல், எனக்குக் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் உரக்க:

"ஃபோன ஸ்பீக்கர்ல போடு. அடுத்த கேள்வி உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவகிட்டயே கேப்போம்."

கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்வியை பிலியானாவே படித்தாள்.