தலையணைக்கு அடியில் மாத்திரைகள்

கோவை, 12.8.1994

அம்மாவுக்கு செவ்வந்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கே தனியாக இருக்கும் உங்களுக்குச் சர்க்கரை குறைந்ததா?

எங்கள் நர்சிங் பள்ளியின் புது மேடம் பாடமே நடத்துவதில்லை. “நோட்டை மூடிட்டு வார்டுக்குப் போங்க. புரியாத ஒண்ணை நீங்களே கண்டுபிடிச்சுட்டு வாங்க” என்கிறார்.

என் நோயாளி ராசாத்தாள் அக்கா, மாத்திரைகளை விழுங்காமல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“சாப்பிட்டுப்போட்டுத்தான் முழுங்கோணும்னாங்க அம்மணி. ஒத்தையா உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது.”

முன்பு வகுப்பில் மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிக்கொண்டோம். இதை யாரும் சொல்லவில்லை. மறுநாள் என் தட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவருமே வயிறாரச் சாப்பிட்டோம்.

பருப்புப்பொடி இரண்டு பேருக்கு ஆகிறமாதிரி அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது.

அம்மா, உங்கள் டப்பாவில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது? பொய் சொல்லாமல் எண்ணி எழுதுங்கள்.

செவ்வந்தி