பூட்ஸ் கடையில் தசைன்

அம்மா, உன் காலில் தலை வைத்து வணங்குகிறேன். முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

தசைன் பண்டிகைக்கு ஊருக்கு வருகிறேன் என்று சொல்லி உன்னை ஏமாற்றிவிட்டேன். ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால்தான் மணாலியில் கூட்டம். ரோத்தாங் கணவாய்க்குப் பனி பார்க்க ஏறுகிறவர்கள் எங்கள் கடையில் கோட்டும் பூட்ஸும் வாடகைக்கு எடுப்பார்கள். நீ எல்லார் நெற்றியிலும் அரிசி டீக்கா வைத்து வாழ்த்தும் நாளில், நான் குனிந்து ஒரு வங்காளத்து அம்மாளுக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் தலைமேல் கை வைத்தார். நான் கண்ணை மூடி நெற்றியை நீட்டிவிட்டேன்.

"அண்ணே, கண்ணத் தெறங்க. அவங்க விழாம இருக்கத்தான் புடிச்சிருக்காங்க" என்றான் கூட வேலை பார்க்கும் கல்யாண். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஊருக்கு வந்திருக்கும் ஹர்கா நம் ஜும்லாவிலிருந்து இங்கே திரும்பும்போது அவனிடம் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொடுத்தனுப்பு. டீக்கா அரிசி மிச்சமிருந்தால் ஒரு சிட்டிகை காயவைத்து அதோடு மடித்து வை. தசைனன்று மாலை எங்கள் அறையில், மூத்தவன் நான்தான் என்று பையன்கள் என்முன் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் வைத்தேன். எனக்கு வைக்கத்தான் ஆளில்லை.

வண்டி வந்து நிற்கிறது, பூட்ஸ் கேட்கிறார்கள்.

உன் மகன்,
தில்பகதூர்