விடாத கதவு

அன்புள்ள பெரியவளுக்கு,

இன்று பதினேழாம் தேதி, புதன்கிழமை, மதியம் மூன்று மணி பத்து நிமிடம். நம் வாலுவின் ஒன்றாம் வகுப்பில் முப்பத்திரண்டு தண்ணீர் பாட்டில்கள், அதில் காலையில் வந்த மாதிரியே நிறைந்திருந்தவை ஐந்து. போன வியாழக்கிழமை இதே நேரத்தில் அது இருபத்தாறு. இதற்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல் பொறுமையாகப் படி. பொறுமையைப் பற்றி நான் பேசுகிறேனே என்று சிரிக்க வேண்டாம்.

இங்கே நானும் சித்தியும் உன் குட்டித் தங்கை வாலுவும் நலம். நீ நலமில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டதால் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு உன் வகுப்பில் பாதிப் பேர் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள், இரண்டு பேர் காரணமில்லாமல் அழுகிறார்கள், இருபத்துநாலாம் தேதி மதியம் தலைமையாசிரியை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார், அதற்கு முன்னால் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறேன், எனக்குச் சொல்லித்தர வரவில்லை, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க சித்தப்பா என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் நீ நடுவில் அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம். அண்ணனும் அண்ணியும் தவறிப்போனபோது உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. தகப்பன் வேலையை நானும் படிக்காமல்தான் ஆரம்பித்தேன், முதல் வருஷம் உனக்குத் தலை பின்னத் தெரியாமல் ஒயர் கட்டும் கேபிள் டை போட்டுக் கட்டி அனுப்பினவன். அதற்காக நான் யாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே வாலுவின் டீச்சரும் அதே பாட்டைப் பாடினார், மதியத்துக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை, ஒன்பது பேர் பெயரை மந்தமான பிள்ளைகள் பட்டியலில் சேர்க்கப் போகிறேன் என்று. ஒரே கோளாறு இரண்டு இடத்தில் வந்தால் ஆளைக் குறை சொல்லக் கூடாது, இடத்தைப் பார்க்க வேண்டும். என்னைப் போன்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது முதல் பாடம். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தம்பி, நீங்க லிஃப்டைப் பாருங்க, வகுப்பை நான் பாத்துக்கறேன் என்றார் டீச்சர். காற்று வருகிறது, வெளிச்சம் போதும், பலகையும் கண்ணுக்கு எட்டுகிறது. ஆனால் அலமாரியில் பாட்டில்கள் மட்டும் நிறைந்தே நிற்கின்றன. ஆறு வயசுப் பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காவிட்டால் தலை வலிக்காமல் என்ன செய்யும். வீட்டுக்கு வந்து வாலுவைக் கேட்டேன். மூணு மடக்குதான்ப்பா குடிக்கணும், நாங்க எல்லாரும் பேசி வெச்சிருக்கோம் என்றாள். ஏன் என்றால், அதுக்கு மேல குடிச்சா பாத்ரூம் போகணும், அந்தக் கதவு விடாது என்கிறாள். லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம் ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொண்டு மணி அடிக்கும் வரை அழுதிருக்கிறாள், பெரியவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள், வகுப்பு மறக்கவில்லை. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது யார் தெரியுமா, நான்தான். காற்றில் கதவு திறந்துகொள்கிறது என்றார்களே என்று, இரும்பில், சாத்தினால் தானே விழும்படி ஸ்பிரிங் வைத்து, என் நெஞ்சு உயரத்தில், என் கையாலேயே பத்துத் தடவை சோதித்துவிட்டு, பள்ளிக்கு இலவசமாகச் செய்தேன் என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்திக்கு ஒரு வாரத்துக்குச் சிரிக்க இது போதும். மாட்டின கையாலேயே போய்க் கழட்டுங்க, நன்றி விழா வேணும்னா அப்புறம் வெச்சுக்கலாம் என்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலையே அதைக் கழற்றி, ஒரு திருகாணியில் சுழலும் மரத்துண்டை அவர்கள் இடுப்பு உயரத்தில் வைத்தேன், வெளியிலிருந்து ஒரு ஸ்கேலை நுழைத்தாலும் திறக்கும். வேலை முடிந்தது என்று நினைத்தேன். மதியம் எண்ணினால் நிறைந்த பாட்டில்கள் இருபத்தைந்து. கதவு மாறியது அவர்களுக்கு உறைக்கவில்லை. இங்கேதான் டீச்சருக்கு நான் சலாம் போட வேண்டும். திங்கட்கிழமை பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் கதவுக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்தார், அவரே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, என்னை விடுங்க விடுங்க என்று சத்தம் போட்டார், முப்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை ஸ்கேலை விட்டு அவரை விடுதலை செய்தார்கள். அன்றைக்குப் பதினான்கு. இன்றைக்கு ஐந்து. இப்ப தூங்கறாங்கன்னு கவலை இல்ல தம்பி, உட்கார வைக்கறதுதான் கவலை என்கிறார். அந்த ஒன்பது பேர் பட்டியலை அவரே கிழித்துவிட்டார். மரத்துண்டைத் திருகினவன் நான், பாட்டிலைக் காலி செய்தது அவர். அதைத்தான் நீ படித்துவிட்டுப் போயிருக்கிறாய், எனக்கு அது வராது.

உன் பள்ளியிலும் கதவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வேறு ஏதாவது இருக்கலாம். ஆனால் ஏதோ ஒன்று இருக்கிறது, அது நீ இல்லை. பாடத்துக்கென்று படம் வரைந்த அட்டைகளை ராத்திரி முழுக்க வெட்டிக்கொண்டிருப்பதை நிறுத்து. இது கைக்கு வந்ததும் வகுப்பில் தரையில் உட்கார்ந்து, இங்கே உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்று பிள்ளைகளிடமே கேள், பதில் வரும் வரை வாயைத் திறக்காதே. நன்றாகச் சாப்பிடு, எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, சித்தியுடையது கொஞ்சம் கூடுதல். இனி நான் செய்யப் போவது:

1. நாளைக் காலை ஏழரைக்கு, இரண்டாம் வகுப்புப் பக்கத்து பாத்ரூம் கதவிலும் நான் போட்ட அதே தாழ்ப்பாளைக் கழற்றுவேன்.
2. நான்கு மரத்துண்டு, திருகாணி, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், இந்தக் கடிதம் எல்லாம் ஒரே பார்சலில் விரைவுத் தபாலில் வரும். தேவைப்பட்டால் மாட்டு, இல்லையென்றால் வைத்துக்கொள்.
3. இருபத்துநாலாம் தேதி மாலை நாலு மணிக்கு உன் பள்ளி வாசலில் நிற்பேன். தலைமையாசிரியை என்ன சொல்லியிருந்தாலும் அன்றைக்கு உனக்கு வெளியில் சாப்பாடு.
4. மறுநாள் திரும்புவேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, எனக்கு மட்டும்.

உன் சித்தப்பா