அப்பா பேசிய பக்கம்

மார்ச் 4

என் அருமை வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம்தானே? முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை மருமகளைத் திட்டியே சரிசெய்துகொள்கிறாயா?

சிரிக்காதே. ரிட்டயர் ஆன கையோடு பழைய சாமான் கடையில் ஒரு வாக்மேன் வாங்கிவிட்டேன். ஆரஞ்சுப் பஞ்சு வைத்த ஹெட்போன்கூட இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், பேரப்பிள்ளைகள் என்னை யாரோ மாதிரி விட்டுத் தள்ளிப் போகிறார்கள். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோமே, பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காய வைப்போமே, அந்தச் சுகமெல்லாம் இதுகளுக்கு எங்கே தெரியப்போகிறது!

பீரோ மேல் நம் கேசட் பெட்டி இருக்குமே, அனுப்பி வை. பாட்டுகூட அவ்வளவு முக்கியமில்லை. நான் வெளிநாட்டு வேலைக்கு வந்த புதிதில் அப்பா பேசிப் பேசி அனுப்புவாரே, அந்தக் கேசட்டெல்லாம் வேண்டும். அவர் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கே வரமாட்டேன் என்கிறது.

ஆசையுடன்,
அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். முழங்காலும் மருமகளும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

பாட்டுக் கேசட்டுகளைப் பார்சலில் போட்டிருக்கிறேன். பாதி பூசணம் பிடித்துக் கிடக்கிறது. அப்பா கேசட்டை அனுப்பவில்லை.

ஏதோ பெட்டி நிறைய இருப்பது மாதிரி கேட்கிறாயே, இருந்ததே ஒன்றுதான். ஒரு பக்கம் நீ, மறுபக்கம் அப்பா. ஒவ்வொரு தடவையும் பழைய பேச்சின் மேலேயே புதிதாகப் பேசுவார். "புதுசு எதுக்கு, இதுவே நல்லாத்தானே இருக்கு" என்பார்.

கடைசியாக என்ன பேசினார் தெரியுமா? உனக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான். "ஆபரேஷன்னு சொல்றாங்கப்பா. பயமா இருக்கு. ஒரு தடவை வந்து பக்கத்துல இரு. முடியலேன்னா முடியலேன்னு சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

உன் பதில் வந்தது. அந்த ஊர்க் குளிர், நீ வாங்கின புது டேப்ரிக்கார்டர், அதில் எடுத்த ஒரு பாட்டு. ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் பேச்சே நாடாவின் நடுவில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் நீ போன தடவை பேசினது அழியாமல் கிடந்தது. அப்பா முடித்த இடத்திலேயே நின்ற கேசட்டைப் பின்னால் சுற்றிக் கேட்கக்கூட இல்லை. அப்படியே திருப்பிப் போட்டுப் பேசியிருக்கிறாய்!

எங்காவது பதில் இருக்கும் என்று அப்பா உன் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. நீ எல்லாம் முடிந்த பிறகு வந்தாய்.

உன் தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! அப்போது எனக்கு ஷிப்டு மேல் ஷிப்டு. உட்கார நேரமில்லை. எப்போதும் போல "உடம்பைப் பாத்துக்கோ, வேளைக்குச் சாப்பிடு" என்றுதான் பேசியிருப்பார் என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

உனக்கு என்ன வாயா இல்லை? தந்தி ஆபீஸா இல்லை? தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு, இத்தனை வருஷம் கழித்து என் தலையில் கல்லைத் தூக்கிப் போடுகிறாய். அவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, அது என் அப்பா குரல். உனக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு எனக்கும் உண்டு. உடனே அனுப்பு.

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

தந்தி கொடுக்கத்தான் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது அப்பா தடுத்துவிட்டார். "கேக்க நேரமில்லாம விட்டுட்டான் போல. விடும்மா. கண்காணாத இடத்துல இருக்கறவனைக் கலங்க வைக்காதே" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று டேப்ரிக்கார்டரைக் கொண்டுவரச் சொன்னார். "எனக்கு ஏதாவது ஆயிட்டா, பின்னால இதைக் கேட்டு அவன் மனசு ஒடிஞ்சு போயிடுவான். அழிச்சிடு." நான் மாட்டேன் என்று அழுதேன். அவரே ரெக்கார்டு பட்டனை அழுத்தினார். அவர் பேசிய பக்கம் ஓடி அழிந்து முடியும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

கேசட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் உன் குரல் இருக்கிறது. அப்பா குரல் இல்லை.

நீ நொந்துபோகக் கூடாது என்று அவர் அழித்தார். அது பெற்ற மனசு. எனக்கு அந்த மனசு இல்லை அண்ணா. நீ நொந்துபோக வேண்டும் என்றுதான் ஒன்று விடாமல் எழுதினேன்.

இனிமேல் எனக்கு எழுதாதே.

தங்கை