நாங்கள் பாத்தி கொத்தாத வருஷம்

போன வாரம் சிலோனிலிருந்து என் தம்பி மகன் வந்திருந்தான். பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். மாசிக் கருவாடு. பிரித்ததுதான் தாமதம், வீடு முழுக்க அந்த வாடை ஏறிவிட்டது. என் மருமகள் கோயம்புத்தூர்க்காரி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். “ஏனுங்க அத்தை, கெட்டுப்போச்சுங்களா?” என்றாள். கெட்டுப்போகவில்லையம்மா, அதன் வாசமே அதுதான் என்றேன். தேங்காயும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடித்து, ரொட்டி சுட்டு, சம்பலைத் தொட்டு ஒரு வாய் வைத்ததும் நீ வந்து நின்றாய். வேறு யார் வருவார்கள்? மாசி போடாத சம்பலைச் சம்பல் என்று சொன்னவர்களை ஆயுசு முழுக்கத் திட்டியவள் நீதானே.

சாப்பிட்டுக்கொண்டே பையன் கேட்டான். “ஏன் அத்தை, நீங்க அங்கயிருந்து இந்தியா வந்தது சரியா, பிழையா?”

என் மகன் முந்திக்கொண்டான். “சரிதான். வராட்டி நானெல்லாம் படிச்சிருப்பேனா?”

பையன் என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்கு நான் ஒருத்தியாகப் பதில் சொல்ல முடியாது. நீயும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். நீயோ போன ஆடி மழையோடு போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு எழுத்துத் தெரியாது. லயத்தில் உனக்கு வந்த கடுதாசிகளை எல்லாம் வாசித்துச் சொன்னவள் நான். இதையும் நானே பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன் என்று வைத்துக்கொள்.

தலவாக்கலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதுவும் கூரைவரை எட்டாத சுவர். நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து நீ “நூறு” என்பாய். உன் வீட்டுக்காரர் குறட்டை விட்டால் என் வீட்டுக்காரர் இங்கே எழுந்து உட்கார்ந்து திட்டுவார். உப்பு, மண்ணெண்ணெய், காய்ச்சல் மாத்திரை, புருஷன் மேலிருக்கும் கோபம், எல்லாம் அந்தச் சுவருக்கு மேலாகத்தான் போகும், வரும். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் எனக்கு அடுத்த நிரை உனக்கு. உன் கூடைதான் முதலில் நிறையும். “நீ கொழுந்து எடுக்குறியா, கொழுந்துக்குப் பேன் பாக்குறியா?” என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் இரண்டு கை கொழுந்தை என் கூடையில் போட்டுவிட்டுப் போவாய்.

லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம் இருந்தது. கோவா, போஞ்சி, லீக்ஸ், கிழங்கு என்று எதையாவது நட்டுக்கொள்வோம். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவா இலங்கையா என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன வருஷங்களில், அந்தத் துண்டு நிலத்தைப் பார்த்துத்தான் நாம் சேதி தெரிந்துகொள்வோம். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொன்னால் கண் பட்டுவிடும், நடக்கிற காரியம் நின்றுவிடும் என்று பயம். ஆனால் மழைக்கு முன்னால் பாத்தி கொத்தாமல் விட்டுவிடுவான். போகிறவன் யாருக்காக நட வேண்டும்? புல் முளைத்த தோட்டத்தைக் கண்டால், “சரி, அந்தக் குடும்பம் பயணம்” என்று குழாயடியில் முடிவு கட்டிவிடுவோம். நம் ஊகம் தப்பி நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் புல் முளைத்தது. காரணம் என்ன தெரியுமா? உர மூட்டை தூக்கப்போய் என் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. முடியவில்லை என்று வெளியே சொல்லவும் முடியவில்லை. கணக்கப்பிள்ளை காதில் விழுந்தால் வேலைக்குப் பேர் போட மாட்டார். “வாயத் தொறந்தா பாரு” என்று என்னையும் மிரட்டி வைத்திருந்தார். நீ மூன்றாவது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாய், எங்கள் தோட்டத்தைப் பார்த்தாய். பார்த்தது சரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

ஒரு மாதம் போயிருக்கும். உன் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்வந்தார். அன்று சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் காதருகே வந்து சொன்னாய்.

“எழுதிக் குடுத்துட்டோம் புள்ள. இந்தியாவுக்கு.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். “நல்லது” என்றேன். வேறு என்ன சொல்வது? பயணம் கிளம்புகிறவளை மறித்துப் பேசலாமா?

அன்றிலிருந்து என் வீட்டுக்காரரைக் கரைக்க ஆரம்பித்தேன். “அங்க எனக்கு யாரத் தெரியும்? எங்கப்பன் ஊரு பேரே என் வாயில நொழயாது” என்றார். வாயில் நுழையாவிட்டால் போகிறது, கால் நுழைந்தால் போதும் என்றேன். சம்பல் இடிப்பதை நிறுத்தினேன். பேச்சை நிறுத்தினேன். கடைசியில் மனுஷன், “சரி, போய்த் தொலைவோம்” என்றார். நான் பிறந்த இடம், என் அம்மாவைப் புதைத்த இடம், கூடப் பிறந்த தம்பி, எல்லாவற்றையும் விட்டு நான் கிளம்பியது உன் ஒருத்திக்காக. சுவருக்கு அந்தப் பக்கம் உன் சத்தம் இல்லாமல் எனக்கு அந்த லயத்தில் பொழுது விடியாது என்பதற்காக.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கப்பல் கிடைத்தது. தலைமன்னாரிலிருந்து இந்தக் கரை வரும்வரை நீ வாந்தி எடுத்தாய், நான் உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மண்டபம் முகாமில்தான் தலையில் இடி விழுந்தது. உங்களுக்கு நெல்லியாளம், எங்களுக்குக் குன்னூர் என்றார்கள். நாம் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து அந்த ஆபீசர் சிரித்தார். “ரெண்டும் ஒரே ஜில்லாதாம்மா. பக்கம் பக்கம்தான்.” பக்கமாம் பக்கம்! குன்னூரில் விடிய பஸ் ஏறி, ஊட்டிக்கு வந்து, பைக்காரா தாண்டி, கூடலூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அப்புறம் நடந்து உன்னிடம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

அந்த முதல் தடவை உன் வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரே காடு. “தேயிலைத் தோட்டத்துல வேலைன்னுதானே சொன்னாங்க, தேயிலை எங்கடி?” என்றேன்.

“நாம நட்டாத்தான் வருமாம்” என்றாய்.

மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, குழி எடுத்து, நாற்று வைத்துக்கொண்டிருந்தாய். கொழுந்து எடுத்த உன் விரல்கள் மண்வெட்டி பிடித்துத் தடித்துப் போயிருந்தன. “நம்ம தாத்தனுங்க சிலோன்ல செஞ்ச வேலைய மொதல்லருந்து செய்யச் சொல்றானுங்க. ரெண்டுவாட்டி காடு வெட்டுன சனம் ஒலகத்துலயே நாம மட்டுந்தான் புள்ள” என்று சொல்லிச் சிரித்தாய். அப்போது உனக்குச் சிரிப்பு மிச்சம் இருந்தது.

கொஞ்ச வருஷம் கழித்துத் தந்தி வந்தது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற வழியில் உன் வீட்டுக்காரரை யானை அடித்துவிட்டது. பஸ் மாறி மாறி நான் வந்து சேருமுன் எடுத்துவிட்டிருந்தார்கள். உன் வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடிவந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். நீ ஒப்பாரி எடுத்தாய்.

“பாத்தி கொத்தாமப் போட்டுவச்சு
பயணமுன்னு நீ காட்ட,
ஒம் பின்னால ஓடிவந்து
ஒத்தயில நின்னேனே...”

கூடவே அழுதுகொண்டிருந்த நான் சட்டென்று நிறுத்தினேன். “என்னா புள்ள சொல்ற? எந்தப் பாத்தி?”

நீயும் அழுகையை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாய். “அந்த வருசம் நீங்க பாத்தி போடலையே. பயணம்னுதானே விட்டீங்க? நீ போயிட்டா எனக்கு அங்க யாரு இருக்கான்னு, அந்த மனுசன நச்சரிச்சு எழுதிக் குடுக்க வச்சதே நாந்தான்.”

“அடிப் பாவி! அவருக்கு இடுப்புப் பிடிப்புடி. நாங்க எங்க கெளம்புனோம்? நீ எழுதிக் குடுத்துட்டேன்னுதானே நான் அவர இழுத்துக்கிட்டு வந்தேன்!”

நீ என்னையே பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். சாவு வீட்டில், தாலி இறக்காத கழுத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கும் வந்து தொலைத்தது அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாய்.

“அப்ப யாருக்காகடி வந்தோம்?”

மறுநாள் நான் பஸ் ஏறும்வரை நீ என்னோடு பேசவில்லை.

அப்புறம் அங்கே கலவரம் வந்தது. நாம் இருந்த லயத்தையும் கொளுத்திவிட்டார்கள், தப்பிப் பிழைத்தவர்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள் என்று தம்பி எழுதியிருந்தான். அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடிவந்தேன், என்னவோ நல்ல சேதி கொண்டுவருகிறவளைப் போல. நீ அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாய்.

“அதனால? வந்தது நல்லதுக்குன்னு சொல்ல வாரியா? அங்க எரிஞ்சா என்னா, இங்க மிதிச்சா என்னா. போனவரு போனவருதான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்மேல ஏன் காயுற? நானா யானைய ஏவிவிட்டேன்?” என்று கத்தினேன். நீ முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். உன் மேல் எனக்கு இருந்த கோபமும் சின்னதல்ல. உன்னைப் பார்த்துத்தானே நானும் என் தம்பியைத் தொலைத்தேன்? நான் அதைச் சொன்னேனா? சொல்ல எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் முன்னால் தம்பியை விட்டு வந்த கதை எடுபடுமா?

அப்புறம் என் பிள்ளைகள் படித்தார்கள். மகள் நர்ஸ் ஆனாள், மகனுக்கு அரசாங்க வேலை. உன் மூத்தவன் படிப்பை விட்டுவிட்டு அப்பன் இடத்தில் வேலைக்குப் போனான். என் பிள்ளைக்கு அறிவு, உன் பிள்ளைக்கு இல்லை என்றா? அதெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் லயத்துக்குக் கீழேயே பள்ளிக்கூடம். உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக யானை நடமாடுகிற காட்டைத் தாண்ட வேண்டும். அந்த ஆபீசர் நம் இரண்டு குடும்பத்தையும் மாற்றிப் போட்டிருந்தால் இன்றைக்கு நீ எனக்கு எழுதிக்கொண்டிருப்பாய். என் மகனுக்கு வேலை கிடைத்ததை உன்னிடம் சொல்லவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கேட்டதும் நீ, “நல்லா இருக்கட்டும்” என்றாய். மனசாரத்தான் சொன்னாய். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வயதாகி உனக்கு வேலை நின்றதும் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவளுக்கு அந்த மண்ணில் ஒரு காம்பரா கிடையாது. இப்போது அந்தத் தேயிலையும் வேண்டாம், பழையபடி காடாகவே ஆகட்டும் என்று விட்டுக்கொண்டிருக்கிறார்களாமே. உன் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவனுக்கே ஒற்றை அறை. விஷயம் தெரிந்து உனக்குப் போன் போட்டேன்.

“என்னோட வந்துரு புள்ள.”

நீ சொன்னாய். “இந்தா பாரு. தனியாக் கெடக்குறாளேன்னு கூப்புடுறியா, இல்ல நான் வரணும்னு ஒனக்கே ஆசையா? இந்தவாட்டி வாயத் தொறந்து சொல்லு. நீ என்னா நெனைக்கிறன்னு நானா நெனச்சுக்கிட்டு இன்னொரு பயணம் வர மாட்டேன்.”

அடுத்த அறையில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீடே இரண்டு அறைதான். அவளிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவள் காதில் விழுந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாளே என்று நினைத்து ஒரு மூச்சு தயங்கினேன். ஒரே ஒரு மூச்சு.

“சரி சரி, வெயி” என்று நீ வைத்துவிட்டாய். அடுத்து வந்த போன் உன் மகனிடமிருந்து.

தம்பி மகனிடம் கடைசியில் சொன்னேன்: “என் பிள்ளைங்களக் கேட்டா சரி. அவளக் கேட்டா பிழை. என்னக் கேக்காத.” அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கிளம்பிப் போன பிறகு, யார் அத்தை அந்த ‘அவள்’ என்று மருமகள் கேட்டாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசிப் போன் வரைக்கும். கேட்டு முடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏனுங்க அத்தை, கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே. நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே” என்றாள்.

கேட்கவில்லை புள்ள. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று உன்னை ஆயுசு முழுக்க மனசுக்குள் திட்டிய நான், மருமகளைக் கேட்கவில்லை. எனக்கு ஆசைதான். நீ வரணும் என்று எனக்கே ஆசைதான். இதை இனி நான் யாரிடம் போய்ச் சொல்ல?