வேர் பிடித்த பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. அம்மாவிடம் கண்டிப்பாக வேண்டாம். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவள், தன் சொந்த அக்காவான பெரியம்மாவைப் பற்றி நான் இப்படி எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

அம்மா தேறும்வரை இங்கே இருக்கச் சொல்லி அனுப்பினீர்களே, நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். பெரியம்மா என்னை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை. பெரியப்பாவின் நர்சரி நீ பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்டது. பாதி இடத்தில் மிருதுச்செடிதான். வாங்க வருகிறவர்கள் மிர்ட்டில் என்பார்கள். சின்னச் சின்ன இலை, வருடம் முழுக்கப் பச்சை, கசக்கினால் வாசனை. இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். "செடி பட்டுப்போச்சுன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. இது சாகவே மாட்டேங்குதேன்னு ஒருத்தர் வந்து திட்டிட்டுப் போனாரும்மா" என்று பெரியப்பா சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

பெரியம்மாவின் மகள் காய்ச்சலில் போனாளே, அவள் பெயருக்கு அர்த்தமே இந்தச் செடிதானாம். ஏதோ பழைய மொழியில். அவள் பிறந்தபோது வாசலில் நட்ட செடி இன்னும் இருக்கிறது. நர்சரியில் உள்ள அத்தனையும் அதிலிருந்து வெட்டி வைத்த குச்சிகள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன் அக்கா. எழுதினால் கை பழகிவிடும்.

இங்கே குச்சியை நட்டவுடன் பெயர் அட்டை கட்டுவதில்லை. கொஞ்ச நாள் கழித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். கையோடு வந்துவிட்டால் இன்னும் வேர் விடவில்லை. வராமல் பிடித்துக்கொண்டால், தாய்ச்செடியின் பெயரை எழுதிக் கட்டுவார்கள். புதுச்செடிக்கு எதற்குப் பழைய பெயர் என்று கேட்டேன். பெரியம்மா என் தலையைக் கோதிக்கொண்டே, "புதுசுன்னு யாரு சொன்னா கண்ணு? விதை போட்டாத்தான் புதுசு. குச்சி வெச்சா அது அதே செடிதான். நீயும் எங்க ரத்தத்துல வந்த குச்சிதானே" என்றார்.

முதலில் பெரியம்மா அந்த மகளுடைய கவுனைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். என் உடுப்பெல்லாம் துவைக்கப் போட்டிருக்கிறதாம். பிறகு கூடத்துப் படத்தில் அவளுக்கு இருப்பதுபோல என் முடியை வெட்டிவிட்டார். ஒரு நாள் அவள் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டார். வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். "அது பாவம், ஊரான் வீட்டுப் புள்ள, விடு" என்று பெரியப்பாதான் அதட்டினார். இப்போது அவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். இங்கே என்னைச் சேர்த்த பள்ளிக்கூடத்தின் வேன் டிரைவர்கூட.

தினமும் சாயங்காலம் பெரியம்மா என் கையைப் பிடித்து மெல்ல இழுத்து, "வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்பார். நானும் அழுதுகொண்டே கிளம்பிவிடுவேன். உடனே கையை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். இன்று கேட்டபோது நான், "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை அக்கா. பெரியம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "ஞாயித்துக்கிழமை கட்டிடலாங்க" என்று பெரியப்பாவிடம் சொன்னார். எதை என்று அவர் கேட்கவில்லை.

அதன்பிறகு நம் வீட்டை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கேட் என்ன நிறம்? நீ எந்தப் பக்கம் படுப்பாய்? எதுவும் வரவில்லை. ஆனால் காய்ச்சல் வந்தபோது பெரியம்மா நெற்றியில் போட்ட ஈரத்துணியின் குளிர்ச்சி நினைவிருக்கிறது. இங்கே வந்த பிறகு எனக்குக் காய்ச்சலே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, நீ வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சுண்டு, சுண்டு என்று சத்தமாகக் கூப்பிடு. நான் திரும்பிப் பார்க்காவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடாதே. யார் நீங்கள் என்று கேட்டாலும், வர மாட்டேன் என்று அழுதாலும் நம்பாதே. கை வலித்தாலும் பரவாயில்லை, பிடித்து இழு. மெல்ல இழுக்காதே அக்கா. உனக்குப் புண்ணியமாகப்

கதவைத் தட்டுகிறார்கள். பெரியம்மாதான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறேன். மூச்சுகூட விடவில்லை. ஆனால் போர்வைக்குள்ளிருந்து, என் பக்கத்திலேயே, "இதோ வரேம்மா" என்று