செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வகுப்பு

2 ஆகஸ்ட் 2005, செவ்வாய்

இன்றும் கோதண்டராமன் சார் வரவில்லையாம். கூடப் படிக்கிற பூர்ணிமா போன் பண்ணினாள். தொழிலாளர் சட்டம் எடுக்கிற பகுதிநேர ஆசிரியர். செவ்வாய் பதினொரு மணி அவர் வகுப்பு. கல்லூரி திறந்து இரண்டே முறைதான் முகத்தைக் காட்டியிருக்கிறார். ஆனால் மனுஷன் தங்கம். வராத நாளிலும் வகுப்பு நடந்ததாக எழுதி, எல்லாருக்கும் வருகை போட்டுவிடுவார். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் நானும் போவதில்லை. தூங்கி எழுந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு செகண்ட் ஷிப்ட் ஏறிவிடுகிறேன்.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கட்டுவது கல்லூரிக்குத் தெரியாது. நான் சட்டம் படிப்பது கம்பெனிக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை. கடைசி வருஷம் வேறு. படப்பை டைலரிடம் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று.

11 ஆகஸ்ட், வியாழன்

கம்பெனியில் என் பக்கத்தில் நிற்கிற தங்கமாரி லைனை நிறுத்திவிட்டாள்!

லைனில் யாராவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் நிற்க மாற்றாள் வர வேண்டும். சூப்பர்வைசர் ஜெகதீஷிடம் கேட்டாள். "டார்கெட் முட்ச்சிட்டுப் போம்மா" என்றான். மறுபடி கேட்டாள். காதிலேயே வாங்கவில்லை. பிறகு அவள் கேட்கவில்லை. தலைக்கு மேல் தொங்குகிற கயிற்றை இழுத்தாள். மொத்த லைனும் நின்றது. நிதானமாக நடந்து போனாள், வந்தாள், ஈரக் கையை யூனிபார்மில் துடைத்தாள், "இப்ப ஓட்டுங்க" என்றாள்.

டீ நேரத்தில் கேட்டேன், இன்னாடி இப்டி பண்ணிட்ட என்று. "அவசரத்துக்கு இழுக்கத்தான கயிறு கட்டிருக்காவ? எனக்கு அவசரம்" என்கிறாள். கோவில்பட்டிக்காரி, பிள்ளைப்பாக்கத்தில் ஊர்ப் பெண்களோடு ரூம் எடுத்திருக்கிறாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

18 ஆகஸ்ட், வியாழன்

சிரிப்பு போயிற்று. "வேண்டுமென்றே உற்பத்தியைத் தடுத்தார்" என்று தங்கமாரிக்கு மெமோ. சஸ்பெண்ட். காண்ட்ராக்ட் ஆளாக இருந்தால் நாளையிலிருந்து வராதே என்று முடித்திருப்பார்கள். பர்மனென்ட் என்பதால் விசாரணை என்று ஒரு சடங்கு. அதில் தொழிலாளிக்குத் துணையாகக் கூட வேலை செய்கிற ஒருவர் பேசலாம். வக்கீல் கூடாது.

"நீ வாரியாட்டி?" என்றாள். "டிஸ்மிஸ் ஆனவன்னு பேரு வந்துட்டா இந்த ரோட்டுல எவன் என்னிய எடுப்பான்? ஊருக்குத்தான் போணும்."

வருகிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. புத்தகத்தில் படித்ததை உண்மையான மனுஷர்களிடம் பேசப் போகிறேன் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

23 ஆகஸ்ட், செவ்வாய்

ஐயோ. ஐயோ. ஐயோ.

காலை பதினொரு மணி, ஏசி அறை. "வெளியிலிருந்து வந்திருக்கும் நடுநிலையான விசாரணை அதிகாரி" என்று எச்.ஆர். மேனேஜர் கை காட்டினார். தலைமை நாற்காலியில் — கோதண்டராமன் சார்! ஓ, செவ்வாய்க்கிழமை வகுப்பெல்லாம் இங்கேதான் நடக்கிறதா!

மேனேஜர் என் பெயரை வாசித்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏலவார்குழலி என்று ஊரில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? முதல் வகுப்பிலேயே என் பெயரைக் கேட்டுவிட்டு "அம்மன் சன்னதியில நிக்கிற மாதிரி கீதே" என்று கிண்டல் பண்ணியவர். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். முன்பின் தெரியாதவர்கள் போலவே இருந்துகொண்டோம்.

ஜெகதீஷ் ஒப்பித்தான். இவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று எழுந்த நான், மாதிரி நீதிமன்றத்தில் ஒத்திகை பார்த்த பழக்கத்தில், "மை லார்ட்" என்று சொல்லித் தொலைத்தேன். மேனேஜருக்கு டீ புரையேறியது. சார், "அதெல்லாம் தேவையில்லம்மா, அடுத்த செவ்வாய் முடிச்சிடலாம்" என்று எழுந்துவிட்டார்.

கார் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"பதினோரு மணிக்கு நீ எங்க இருந்த?"

"கிளாஸ்ல சார்."

"நான்?"

"நீங்களும்தான் சார்."

"அப்போ இங்க நாம ரெண்டு பேருமே இல்ல. அடுத்த வாரம் அந்தப் பொண்ணுக்கு வேற ஆள அனுப்பு. உன் வருகை குறையாம நான் பாத்துக்கறேன்."

24 ஆகஸ்ட், புதன்

கோட்டு தைத்து வந்துவிட்டது. தோளில் கச்சிதமாக உட்கார்கிறது, சனியன்.

27 ஆகஸ்ட், சனி

தங்கமாரியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

"சரிட்டி, நீ படிப்ப முடி. நான் கொம்பையா அண்ணன கூட்டிட்டுப் போய்க்கிடுதேன்" என்றாள். டீ வேறு வாங்கிக் கொடுத்தாள்.

எங்கள் லைனில் வேலை செய்கிற கொம்பையா அண்ணன் நல்ல மனுஷன். எச்.ஆர். அறைக்குள் போனால் பயத்தில் உட்காரக்கூட மாட்டார்.

நான் இன்னா பண்ணட்டும்? வருகை கொறஞ்சா பரீட்ச எழுத வுடமாட்டாங்க, ஒரு வருஷம் பூடும். ஒரு வருஷம்ன்றது சும்மாவா? பஸ்ல தூங்கி பஸ்ல படிச்சி இம்மாந்தூரம் வந்துக்கினு கீறேன். அவளுக்காக வுட்டுடணுமா? அவ யாரு எனக்கு? லைன்ல பக்கத்துல நிக்கிறவ, அவ்ளோதான். — அவ்ளோதானா?

30 ஆகஸ்ட், செவ்வாய்

கொம்பையா அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு நானே உள்ளே போனேன். கையில் ஆட்சேபணை மனு. மேனேஜருக்கு ஒரு பிரதி, சாருக்கு ஒரு பிரதி.

"இந்த அதிகாரி என் ஆசிரியர். என் வாய்மொழித் தேர்வுக்கு மதிப்பெண் போடுபவர். சென்ற செவ்வாய் பதினொரு மணிக்கு நாங்கள் இருவரும் வகுப்பில் இருந்ததாகக் கல்லூரியில் எழுதியிருக்கும். இங்கே இருந்ததாக இந்த விசாரணைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. என் குடுமி இவர் கையில், இவர் குடுமி என் கையில். இவர் நடுநிலையோடு விசாரிக்க வழியில்லை."

குடுமி வாக்கியத்தை அடிக்கத்தான் நினைத்தேன். மனசு வரவில்லை.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ லா படிக்கிறியா?" கொலைக் கேஸில் மாட்டினவளைக் கேட்பது போலக் கேட்டார். பிறகு சார் பக்கம் திரும்பினார். "இது லேபர் கோர்ட்டுக்குப் போச்சுன்னா நமக்குத்தான் சார் அசிங்கம். வேற ஆள போட்டுக்கறோம்."

சார் பையை எடுத்துக்கொண்டார். "குழலி, உனக்கு ஒரு வருஷம் போச்சு" என்றார். கோபமே இல்லை, பாடம் நடத்துகிற குரல்.

பாத்ரூமில் போய் உட்கார்ந்து, ஷிப்ட் ஆரம்பிக்கிற வரை அங்கேயே இருந்தேன்.

14 அக்டோபர், வெள்ளி

தங்கமாரி இன்று லைனுக்குத் திரும்பிவிட்டாள்!

புதிதாக வந்த அதிகாரி, ரிட்டயர்ட் ஆனவர், கேள்வி கேட்க விட்டார். இந்தத் தடவை வெறும் "சார்"தான். ஜெகதீஷிடம் கேட்டேன், அன்றைக்கு மாற்றாள் யார் என்று. யாரும் இல்லை என்றான். நீங்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால்? "நான் போய்ட்டு வந்துடுவேன்." பெரியவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். குற்றம் நிரூபணமாகவில்லை, எச்சரிக்கையோடு முடிந்தது.

இப்போது ஜெகதீஷ் மணிக்கு ஒரு தரம் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யாராச்சும் பாத்ரூம் போணுமா?" என்று கத்துகிறான். ஆம்பிளைப் பையன்கள் எதிரில் மானம் போகிறது.

8 நவம்பர், செவ்வாய்

என் செவ்வாய்க்கிழமைகளை எல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். மனுவின் நகல் எப்படியோ பிரின்சிபாலிடம் போயிருக்கிறது. வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது, அடுத்த வருஷம் இதே வகுப்பில் உட்கார வேண்டும். வகுப்பில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வராததை எழுதிக் கொடுத்தவள் நான் ஒருத்திதானே.

சாருக்கு? "தொழிற்சாலைக் கள ஆய்வுக்குச் சென்றிருந்தேன்" என்று விளக்கம் கொடுத்தாராம். ஏற்றுக்கொண்டார்களாம். படுபாவி!

வூட்டுக்கு வந்து தலகாணில மூஞ்ச வெச்சி அழுதேன். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

21 ஜனவரி 2006, சனி

இனிமேல் சட்டக் கல்லூரி நாலு சுவருக்குள் இருக்கக் கூடாதாம், மக்களைத் தேடிப் போக வேண்டுமாம். எங்கள் கல்லூரியில் சட்ட உதவி மையம் ஆரம்பித்துவிட்டார்கள். தொழிற்சாலை அனுபவம் உள்ளவர் என்று ஒருவரைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். அவரேதான்!

முதல் முகாம் எங்கே? எங்கள் கம்பெனி கேட்டில். ஷிப்டுக்காக யூனிபார்மில் போய்க்கொண்டிருந்தேன். பூர்ணிமா ஒரு நோட்டீசை நீட்டி, "உங்க உரிமைய தெரிஞ்சிக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "ஐயோ, நீயாடி!"

மைக்கில் சார். விசாரிக்கிறவருக்கு அந்த வழக்கில் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது என்று அருமையாக விளக்கினார். மேனேஜர் பொன்னாடை போர்த்தினார். நானும் கை தட்டினேன். உண்மையிலேயே நன்றாக நடத்துகிறார். இதைச் செவ்வாய்க்கிழமை வந்து நடத்தியிருந்தால் என்ன கேடு?

4 பிப்ரவரி, சனி

தங்கமாரி வேலையை விடுகிறாளாம்! வடக்குப்பட்டுப் பக்கம் புதுக் கம்பெனி. பஸ் அவள் தெருவுக்கே வருகிறது, கேன்டீனில் தினமும் முட்டை.

எனக்கு வந்ததே கோபம். "நீ முட்டை துன்றதுக்கா நான் ஒரு வருஷத்த வுட்டேன்? பிசாசே!"

அவள் சிரிக்கவில்லை. "அவன் போன்னு வெரட்டிப் போறது வேற, நானாப் போறது வேறல்லாட்டி? வெரட்டிருந்தான்னா இந்தப் புதுக் கம்பெனிக்காரன் கேட்டுக்குள்ள விட்டிருப்பானா?"

அப்புறம் வெள்ளைத் தாளை நீட்டினாள். ராஜினாமாக் கடிதம் நான்தான் எழுதித் தர வேண்டுமாம். வக்கீல் கையால் எழுதினதாக இருக்க வேண்டுமாம். இன்னும் ஆகவில்லை, அதுவும் உன்னால்தான் என்றேன். "எழுதுட்டி" என்றாள்.

எழுதினேன். வேலையை விடும் காரணம்: சொந்த விருப்பம்.

வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள்தான். ஆனாலும் தாளைத் திருப்பிக் கொடுத்து அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "இன்னொரு மட்டம் வாசி" என்றாள்.